அப்பாயியின் தோட்டத்து வாழ்க்கையை எழுத வேண்டும், வருஷங்கள் ஒத்துவரவில்லை

கேள்வி: மண்டபம்_வழி

இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து, தோட்டத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தமிழ்நாடு வந்த அப்பாயியின் வாழ்க்கையைக் குடும்பத்துக்காக எழுத வேண்டும். அவர் இப்போது இல்லை. பெரியத்தை, சித்தப்பா, பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருந்த ஒரு மூதாட்டி, இந்த மூவரின் நினைவுதான் ஆதாரம். கையில் தாயகம் திரும்பியவர்களுக்குத் தந்த குடும்ப அட்டை, பாஸ்போர்ட், சில போட்டோக்கள், ஒரு கட்டுக் கடிதம் உண்டு.

கப்பலேறியது எழுபதில் என்கிறார் அத்தை, எழுபத்துநாலு என்கிறார் சித்தப்பா. மூதாட்டியோ அவர்கள் தனுஷ்கோடியில் இறங்கியதாகச் சொல்கிறார். தோட்டத்தின் பெயரையும் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். கஷ்டத்தைப் பற்றிக் கேட்டால் "ரொம்பப் பாடுபட்டாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: பழைய_செக்ரோல்

அத்தையும் சித்தப்பாவும் இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். இதில் மூன்று தேதிகள் உண்டு: குடியுரிமைக்கு மனு போட்டது, இந்தியக் குடியுரிமை கிடைத்தது, கப்பலேறியது. மனுக்கள் வாங்கியது 1968–70 வாக்கில். அதற்குப் பிறகு வருஷக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். ஆகவே "எப்போ வந்தீங்க?" என்று கேட்காமல் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் குடியுரிமைப் பதிவு எண், வழங்கிய தேதி, தலைமன்னார் முத்திரை, இந்தியக் கரையில் குத்திய முத்திரை எல்லாவற்றையும் பாருங்கள். கடைசி முத்திரைதான் வந்த தேதி.

தனுஷ்கோடி விஷயம்: 1964 அக்டோபர் 30இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதே டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. ஒப்பந்தத்தில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் இறங்கியிருக்க முடியாது. மூதாட்டி சொல்வதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். சொந்த ஊர்க் கல்யாணம், சாவு என்று அதற்கு முன்பே ஒருமுறை வந்து போயிருக்கலாம். அதைத் தனிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அடையாளக்கல் 1973–74 உணவுத் தட்டுப்பாடு. அரிசிப் பங்கீடு குறைந்து, மாவும் பாணும் (ரொட்டி) கிடைக்காமல் தோட்டங்கள் பட்டினி கிடந்த காலம் அது. பாண் வரிசையில் நின்றது சித்தப்பாவுக்கு நேரடி நினைவாக இருந்தால் எழுபதில் கப்பலேறியிருக்க வாய்ப்பே இல்லை.

குடும்ப அட்டையில் உள்ள வயதை மட்டும் நம்ப வேண்டாம். வேலைக்குப் பேர் பதியும்போது வயதைக் கூட்டிச் சொல்வது வழக்கம். மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தோட்டப் பெயர் குழம்புவதில் ஆச்சரியமில்லை. துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) பதிந்த பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் வழங்கியது ஒன்று, தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷன் பெயர் வேறொன்று. மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு, கடித உறையில் எந்தத் தபால் நிலையம் என்று பாருங்கள். ரயிலேற எந்த ஸ்டேஷனுக்கு நடந்தார்கள் என்றும் கேளுங்கள். ஹட்டனா, தலவாக்கலையா, நானுஓயாவா என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய வட்டாரம் சுருங்கிவிடும்.

பதில் 2: கொழுந்துக்கூடை

"கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். கஷ்டத்தை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள். விடியலில் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு எவ்வளவு தூரம், கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைக் காப்பகம்) யார் விட்டது, பால் கொடுக்க நடுவில் விட்டார்களா, கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை ராத்தல் (பவுண்டு) கழித்தார்கள், ஒரு பேருக்கு (ஒரு நாள் கூலிக்கு) எத்தனை ராத்தல், குறைந்தால் அரைப்பேர் போட்டது யார், வேலை வாங்கும் கங்காணியா கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையா. இப்படிக் கேட்டால் அத்தை அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்.

கட்டாயம் கேட்க வேண்டியது, சம்பளத்தைக் கையில் வாங்கியது யார்? பல லயங்களில் பெண்ணின் சம்பளத்தையும் புருஷன்தான் வாங்கினான். பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த நாட்கூலி, அது சமமானது 1984இல்தான். அப்பாயி உழைத்த காலம் முழுக்கக் குறைந்த கூலிக்காலம். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குப் பறித்தாரா, அந்தக் காசு எங்கே போனது என்பதிலிருந்து அவருடைய சாமர்த்தியம் தெரியவரும். சீட்டு, ஆடு, லயத்துக்கு முன்னால் இருந்த தோட்டம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

பிள்ளைகள் எத்தனை என்று கேட்காமல் பிரசவம் எத்தனை என்று கேளுங்கள். தவறிப்போன குழந்தைகளை எண்ணாமல் விடுவது நம் வீடுகளில் சகஜம். அத்தை தயங்கினால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கூடப்பிறந்தவர்களே இரண்டு கரையிலும் பிரிந்த குடும்பங்கள் இப்படித்தான் உண்டாயின. அங்கே நின்றுவிட்டவர் யார் என்று விசாரியுங்கள். உங்கள் கடிதக்கட்டு அவர்கள் எழுதியதாகத்தான் இருக்கும். மறுபாதி அங்கே ஏதாவது தகரப்பெட்டியில் கிடக்கலாம்.

மண்டபம்_வழி:

முத்திரை பார்த்தேன், 1974தான். ஒரு போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அத்தையையும் சித்தப்பாவையும் ஒன்றாக உட்காரவைத்தால் சண்டைதான் வருகிறது.

பதில் 3: நாடாப்பதிவு

முதலில் தனித்தனியாகப் பதியுங்கள். ஒரு அமர்வு 45 நிமிஷம், மிஞ்சினால் ஒரு மணி. போனை ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். மேஜைமேல் நேராக வைத்தால் தட்டும் சத்தம் எல்லாம் ஏறும். ஃபேன், டிவி இரண்டையும் நிறுத்துங்கள். முடிந்தால் ஒலி சுருங்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவர் பெயர், அப்பாயிக்கு என்ன உறவு என்று சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். பெரட்டு, கவ்வாத்து, காம்பரா போன்ற சொற்களைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்.

கூட்டாகப் பேசவைப்பது கடைசியில்தான், அதுவும் போட்டோக்களை நடுவில் வைத்து. கருத்து மாறினால் இருவர் சொல்வதையும் பெயரோடு எழுதுங்கள், நீங்கள் நாட்டாமை செய்ய வேண்டாம்.

ஒட்டிய போட்டோவைப் பிய்க்காதீர்கள், நனைக்கவும் கூடாது. மேல்படலம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். மற்றவை 600 டிபிஐ, பின்பக்கமும் சேர்த்து. பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்களையும் விடாதீர்கள். குடும்ப அட்டையை லேமினேட் செய்யலாம் என்று யாராவது கிளம்புவார்கள், விடாதீர்கள். சூட்டில் மை கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது.

அட்டையில் எந்த மறுவாழ்வுத் திட்டம், எந்த ஊர் என்று பார்த்து, உண்மையில் எங்கே குடியேறினார்கள் என்பதோடு ஒப்பிடுங்கள். வியாபாரக் கடன் என்று சமவெளிக்கு அனுப்பப்பட்டு, தொழில் ஓடாமல் நீலகிரிக்கு ஏறியவர்கள் நிறையப் பேர். இடைப்பட்ட அந்த வருஷங்களைப் பற்றி யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள், மூலக் கோப்புகளை இரண்டு வீடுகளில் வேறுவேறு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள்.