தினசரி ஓட்டம் + ட்ராக்: எந்த காயில்ஓவர் எடுப்பது?

வளைவுப்பிரியன்:
முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக். ஓட்டுநரோடு சேர்த்து 1,160 கிலோ. தராசில் ஏற்றிப் பார்த்ததில் முன்னால் சக்கரத்துக்கு 350, பின்னால் 230. முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக); பின்பக்கம் மல்டிலிங்க், ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. வேலைக்குப் போய்வரவும் இதே கார்தான், மாதம் ஒருமுறை ட்ராக். டயர் 200 ட்ரெட்வேர் (தேய்மானத் தர எண்).

இரண்டு காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக்) கிட் கண்ணில் பட்டிருக்கின்றன.
அ: டேம்பிங்கை (ஆட்டத்தை அடக்கும் விசை) 32 கிளிக்கில் மாற்றலாம், ஸ்பிரிங் முன்னால் 8, பின்னால் 6 (கிலோ/மி.மீ.), மேலே பில்லோபால் (ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை மூட்டு) மவுண்ட்.
ஆ: உயரம் மட்டும் மாற்றலாம், டேம்பிங் மாற்ற முடியாது. ஸ்பிரிங் 4.5 / 6. மேல் மவுண்ட் காரில் இருக்கும் ரப்பர்தான்.

50 மி.மீ. இறக்க ஆசை. கிளிக் இருந்தால் சாலைக்கு மெத்தென்றும் ட்ராக்குக்கு விறைப்பாகவும் வைத்துக்கொள்ளலாமே என்று மனம் ‘அ’ பக்கம் போகிறது. சரியா?

ஸ்பிரிங்_வாத்தியார்:
கிளிக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எத்தனை கிளிக் திருகினாலும் 8 கிலோ ஸ்பிரிங் 8 கிலோ ஸ்பிரிங்தான். டேம்பர் (ஷாக்) அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும், அவ்வளவே. காரின் குணத்தை முடிவு செய்வது ஸ்பிரிங்.

ஸ்பிரிங் எண்ணை மட்டும் வைத்துக் கடினம், மென்மை என்று சொல்லவும் முடியாது. எடையையும் நெம்புகோல் விகிதத்தையும் சேர்த்து, சக்கரத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு = ஸ்பிரிங் × விகிதத்தின் வர்க்கம். ஸ்ட்ரட்டில் விகிதம் ஏறக்குறைய 0.95. உங்கள் பின்பக்கத்தில் ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் 0.7 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். நீங்கள் அளந்து பாருங்கள்: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு நக்கிளை (சக்கரம் மாட்டும் பாகம்) ஜாக்கியால் 20 மி.மீ. தூக்குங்கள், ஸ்பிரிங் இருக்கை 14 மி.மீ. ஏறினால் 0.7.

ஸ்பிரிங் தாங்காத எடையை (வீல், பிரேக், நக்கிள்) முன்னால் 40, பின்னால் 35 கிலோ என்று கழித்தால் மிச்சம் 310, 195. இதை வைத்து வரும் இயல்பு அதிர்வெண் (நொடிக்கு எத்தனை ஆட்டம்):

கிட் அ: முன் 2.4 ஹெர்ட்ஸ், பின் 1.9.
கிட் ஆ: முன் 1.8, பின் 1.9.

சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5-க்குள் இருக்கும். சாலையும் ட்ராக்கும் கலந்த காருக்கு 1.8 முதல் 2.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். காரைக் கீழே அழுத்தும் இறக்கை எதுவும் இல்லாத முழு ட்ராக் காருக்கே 2 முதல் 2.5 போதும். ‘அ’ கிட்டில் முன்பக்கம் ட்ராக் கார், பின்பக்கம் சாலைக் கார். முன்சக்கர இழுவையில் இப்படிப் போட்டால் வளைவில் மூக்கு வெளியே தள்ளும். மேடு தாண்டும்போதும் முன்னும் பின்னும் வெவ்வேறு தாளத்தில் ஆடும்.

என் கணக்கு: முன்னால் 5.5 (2 ஹெர்ட்ஸ்), பின்னால் 8 (2.2 ஹெர்ட்ஸ்). எடை குறைந்த பக்கத்துக்குக் கூடுதல் ஸ்பிரிங்கா என்று திகைக்க வேண்டாம், 0.7-ஐ வர்க்கம் எடுத்தால் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

டோ_அவுட்:
வாத்தியார் கணக்கு சரி. ஆனால் பக்கச் சாய்வில் ஆன்டி-ரோல் பாருக்கும் (சாய்வைத் தடுக்கும் தண்டு) பங்கு உண்டு. பின்னால் தடித்த பார் போட்டு ‘அ’ கிட்டின் மூக்குத் தள்ளலைக் கணிசமாகக் குறைக்கலாம். நேர்க்கோட்டில் மேடு தாண்டும்போது வரும் ஆட்டம் மட்டும் பாரால் தீராது.

எனக்கு உறுத்துவது அந்த 50 மி.மீ. ஸ்ட்ரட் காரை அவ்வளவு இறக்கினால் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். காரின் எடை மையம் 50 இறங்கினால் ரோல் சென்டர் (கார் பக்கவாட்டில் சாயும் மையப் புள்ளி) அதைவிட வேகமாக இறங்கும், இரண்டுக்கும் இடைவெளி கூடும், சாய்வு குறைவதற்குப் பதில் கூடும். டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் தண்டு) கோணமும் கெட்டு, பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். நீளமான பால் ஜாயின்ட் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் அதற்கேற்ப டை ராட் முனையையும் மாற்ற வேண்டும். 20 முதல் 25 மி.மீ.-யோடு நிறுத்தினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் கிடையாது.

அமுங்கும் தூரமும் யோசியுங்கள். நிற்கும் நிலையில் அமுங்க 80 மி.மீ. இருந்த காரை, ஷாக்கின் நீளம் மாறாமல் 50 இறக்கினால் மிச்சம் 30. பிரேக்கும் வளைவும் சேர்ந்து வரும் இடத்தில் அது தீர்ந்து பம்ப் ஸ்டாப்பில் (அமுக்கத்தின் முடிவில் தடுக்கும் ரப்பர்) உட்காரும். அந்த நொடியில் முன்பக்கம் திடீரென்று கல்லாகி டயர் பிடி விட்டுவிடும். பம்ப் ஸ்டாப்பை வெட்டி இடம் உண்டாக்குகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள்; பிறகு இரும்பும் இரும்பும் மோதும், ஷாக்கின் அடி வால்வு போகும்.

ஆகவே, ஸ்பிரிங் இருக்கையை இறக்கி உயரம் மாற்றும் வகையா, ஷாக்கின் அடிப்பகுதியையே திருகி நீளம் மாற்றும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவதில் ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும். அதற்காக இஷ்டத்துக்கு இறக்கிவிட முடியாது, வீல் ஆர்ச்சில் டயர் இடிக்கும்.

வளைவுப்பிரியன்:
நன்றி. 25-க்கு மேல் இறக்கவில்லை. அப்படியானால் ‘அ’ நிறுவனத்திடமே 5.5 / 8 ஸ்பிரிங் கேட்டு வாங்கலாமா? இன்னொன்று: பிரீலோடு கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்கிறார்களே?

நட்டுபோல்ட்டு:
பிரீலோடு கட்டுக்கதை. நேர் விகித ஸ்பிரிங் 5 மி.மீ. முன்கூட்டி அமுக்கப்பட்டிருந்தாலும் அதே 5.5 கிலோதான். காரின் எடை அந்த ஸ்பிரிங்கை ஏற்கெனவே 50 மி.மீ.-க்கு மேல் அமுக்கிவிடுகிறது. பிரீலோடு கூட்டினால் கார் உயரும், சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறையும், வேறொன்றுமில்லை. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையில் ஆடாத அளவு போதும். அப்படியும் தளர்ந்தால் ஹெல்பர் (துணை) ஸ்பிரிங் சேர்க்க வேண்டும்.

ஸ்பிரிங் மாற்றிக் கேட்கலாம், பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஆனால் “வால்விங்கும் (டேம்பரின் உள் வால்வு அமைப்பு) இந்த ஸ்பிரிங்குக்கு மாற்றித் தருவீர்களா?” என்று சேர்த்துக் கேளுங்கள். 8-க்கு அமைத்த டேம்பரில் 5.5 போட்டால் ரீபவுண்டு (ஷாக் நீளும்போது வரும் தடை) மிஞ்சிவிடும். வரிசையாக மேடு வந்தால் ஒவ்வொன்றிலும் முழுதாக நீளாமல் கார் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் நிற்கும். டைனோ வரைபடம் (ஷாக்கின் விசையைக் கருவியில் அளந்தது) கேளுங்கள். இடது வலது ஷாக்குகளின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். தர மறுக்கும் கடையில் நான் வாங்கமாட்டேன், 32 இல்லை 64 கிளிக் கொடுத்தாலும்.

கிளிக் எதை மாற்றுகிறது என்பதும் கிட்டுக்குக் கிட் வேறுபடும். பில்ஸ்டீன் பி14-ல் உயரம் மட்டும். பி16-ல் ஒரே குமிழ் அமுக்கத்தையும் ரீபவுண்டையும் சேர்த்து மாற்றும். கேடபிள்யூ வேரியன்ட் 2-ல் ரீபவுண்டு மட்டும், வேரியன்ட் 3-ல் இரண்டும் தனித்தனி. நல்ல வால்விங் கொண்ட நிலையான டேம்பர், மோசமான 32 கிளிக்கை எளிதாகத் தோற்கடிக்கும். அந்த வகையில் உங்கள் ‘ஆ’ ஒன்றும் இளப்பமில்லை. ட்ராக் நாளுக்குக் கொஞ்சம் மென்மை, அவ்வளவுதான் குறை.

பில்லோபால் முன்னால் இருக்கட்டும், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாற்ற உதவும். தூசியும் தண்ணீரும் பட்டால் சீக்கிரம் தேய்ந்து ‘டக் டக்’ என்று தட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னால் ரப்பரே நல்லது, இல்லாவிட்டால் சாலைச் சத்தம் முழுக்க உள்ளே வரும்.

மாட்டும்போது அதிகம் கெடுவது மூன்று இடங்களில். மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் முறுக்குவது: தண்டு சுழன்று சீலையும் அட்ஜஸ்டரையும் கெடுக்கும். ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்குவது: காரைத் தரையில் விட்டதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். ஓட்டும் உயரத்துக்கு நக்கிளைத் தூக்கி நிறுத்திய பிறகே இறுக்க வேண்டும். மூன்றாவது ஆன்டி-ரோல் பார் லிங்க்: கார் இறங்கினால் பழைய நீளம் பொருந்தாமல் பார் டிரைவ் ஷாஃப்டைத் தொடலாம்.

வரிசை இப்படி: உயரம், சில நாள் ஓட்டிப் படியவிடுவது, கார்னர் வெயிட் (நான்கு சக்கர எடையைச் சமன் செய்வது), அலைன்மென்ட், கடைசியில்தான் கிளிக். கார்னர் வெயிட் பார்க்கும்போது ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்து, பார் லிங்கைக் கழற்றிவிடுங்கள். குறுக்கு எடை (எதிரெதிர் மூலைச் சக்கரங்களின் எடை) 50 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். அலைன்மென்ட் தொடக்கத்துக்கு முன் கேம்பர் மைனஸ் 2.5 டிகிரி, டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிய அளவு) பூஜ்யம். சாலையில் டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் முதலில் டோவைச் சந்தேகியுங்கள், கேம்பர் அப்புறம். ஹெட்லைட் கோணத்தையும் திருத்திவிடுங்கள்.

கிளிக்கை எப்போதும் முழு இறுக்கத்திலிருந்து எண்ணுங்கள், முட்டியதும் பலம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான ஊசி வால்வுகளில் இறுக்கப் பக்கத்து முதல் சில கிளிக்குகளில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். தளர்ந்த முனையில் பத்துத் திருகினாலும் ஒன்றும் தெரியாது. தண்டு வெளியே தெரியும் வகை ஷாக் என்றால் அதில் ஒரு ஜிப் டை கட்டிவிட்டு ட்ராக்கில் ஓட்டிப் பாருங்கள், எவ்வளவு அமுங்கியது என்று அதுவே காட்டிவிடும். லாக் ரிங்குக்கும் ஷாக் உடலுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், ரிங் தளர்ந்திருக்கிறதா என்று வீலைக் கழற்றாமலே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.