அவசர உதவி: மாமியாரோட மேஃப்ளவர் வம்சாவளி சாமுவேல்கிட்ட வந்து முட்டி நிக்குது

பூங்கோதை_ஒஹையோ:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ். என் வீட்டுக்காரர் அமெரிக்கர். மாமியாருக்கு அடுத்த மாசம் 80 முடியுது. அதுக்குள்ள அவங்களை மேஃப்ளவர் (1620ல இங்கிலாந்துலேருந்து அமெரிக்காவுக்குக் குடியேறினவங்க வந்த கப்பல்) வாரிசுச் சங்கத்துல சேர்த்து, சான்றிதழை ஃப்ரேம் போட்டுக் கொடுக்கணும்னு நாத்தனார் முடிவு பண்ணிட்டாங்க. வேலை மட்டும் என் தலையில. நெட்ல வம்சாவளி மரம் 1620 வரைக்கும் முழுசா இருக்கு. ஆனா விண்ணப்பத்துல தலைமுறைக்குத் தலைமுறை ஆதாரம் கேக்குது. சாமுவேலோட அப்பா யாருன்னு காட்ட ஒரு காகிதமும் கிடைக்கல. எங்க தேடணும்?

கனெக்டிகட்_கண்ணன்:
எந்த ஊர் சாமுவேல்? எந்த வருஷம்? குடும்பப் பேர் என்ன? மாமியாருக்கு அப்பா வழியா, அம்மா வழியா?

டிஎன்ஏ_தம்பி:
அக்கா, காகிதத்தை விடுங்க. ஒரு குழாயில எச்சில் துப்பி அனுப்புங்க, ஆறு வாரத்துல விடை வந்துடும்.

பழைய_பேரேடு:
வழக்கம்போல் பெயர் இல்லை, இடம் இல்லை, ஆண்டு இல்லை. "சாமுவேலின் அப்பா யார்" என்று கேட்டால் பைபிளைத்தான் பார்க்கச் சொல்ல முடியும். கேள்வி கேட்பது எப்படி என்று முகப்பில் நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பை ஒருவரும் படிப்பதில்லை.

நாட்காட்டி_நடராஜன்:
இது தேதிக் குழப்பமாத்தான் இருக்கும். அந்தக் கால ஆங்கிலேயக் குடியேற்றங்கள்ல வருஷப்பிறப்பு ஜனவரி 1 இல்ல, மார்ச் 25. அதனால ஜனவரி, பிப்ரவரியில பிறந்தவங்களுக்கு ரெண்டு வருஷத்தையும் சேர்த்து எழுதுவாங்க. ஜார்ஜ் வாஷிங்டனுக்கே பழைய கணக்குல பிப்ரவரி 11, 1731/32. இன்னைக்கு நாம கொண்டாடுறது பிப்ரவரி 22, 1732. ஒரு வருஷம் தள்ளித் தேடுங்க, சாமுவேல் சிக்குவார்.

பூங்கோதை_ஒஹையோ:
மன்னிக்கணும், பையனைப் பள்ளிக்கூடத்துல விடுற அவசரத்துல எழுதினேன். மாமியாரோட அப்பா வழி. சாமுவேல் நியூயார்க்ல செத்தார், 1859. கல்லறையில வயசு 62ன்னு இருக்கு. குடும்பப் பேர் பொதுவுல வேண்டாமே, சொந்தக்காரங்க யாராவது பார்த்துட்டா வம்பு. கிளார்க் மாதிரி ஊருக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர்னு வச்சுக்குங்க. பார்த்த மரம் எல்லாத்துலயும் ஒரே அப்பா பேர்தான் போட்டிருக்காங்க, அதனால அது சரியாத்தான் இருக்கும். காகிதம்தான் வேணும்.

பழைய_பேரேடு:
நடராஜன் அவர்களே, அந்தக் குழப்பம் 1752 செப்டம்பரில் பதினொரு நாட்களை வெட்டி எறிந்ததோடு முடிந்துவிட்டது. இவர் 1797 வாக்கில் பிறந்தவர். எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் கொடுக்காதீர்கள்.

அம்மணி, எல்லா மரத்திலும் ஒரே பெயர் இருப்பது ஆதாரம் ஆகாது. ஒருவர் போட்டார், மற்றவர்கள் பொத்தானை அழுத்தி நகல் எடுத்தார்கள். இணையம் வரும் முன்பே இந்தத் தொழில் உண்டு. குஸ்டாவ் அன்ஜூ என்றொருவர் பணக்கார அமெரிக்கர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு போலி வம்சாவளிகளை எழுதித் தள்ளினார். 1942இல் அவர் இறந்தும் அவர் கட்டிய முப்பாட்டன்கள் இன்றும் பல மரங்களில் உலவுகிறார்கள்.

கனெக்டிகட்_கண்ணன்:
நியூயார்க்னா நகரமா, மாநிலமா? மாநிலம்னா எந்த கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி)? 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல அவரைப் பார்த்தீங்களா? பார்த்திருந்தா அந்த வீட்டுல இருந்த எல்லாரையும் அப்படியே எழுதுங்க. யாரையும் விட்டுடாதீங்க.

ஏன் 1850னு சொல்றேன்னா, 1790லேருந்து 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும். மத்தவங்க எல்லாம் வயசுவாரியா வெறும் எண்ணிக்கை. வீட்டுல இருக்கிற அத்தனை பேரையும் (அடிமைகளா இருந்தவங்களைத் தவிர) பேரோட எழுத ஆரம்பிச்சதே 1850லதான்.

ஃப்ரீமாண்ட்_விஜி:
1890 கணக்கெடுப்பு எரிஞ்சு போச்சாம், அதனாலதான் நிறையப் பேருக்குக் கிடைக்க மாட்டேங்குதுன்னு எங்கேயோ படிச்சேன்.

பழைய_பேரேடு:
1859இல் இறந்தவரை 1890இல் எதற்கம்மா தேடுவது?

பூங்கோதை_ஒஹையோ:
மாநிலம். ஒனாண்டாகா கவுண்டி, பாம்பி. 1850ல சாமுவேல் 53, விவசாயி, பிறந்தது கனெக்டிகட். மனைவி, அஞ்சு பிள்ளைங்க. அப்புறம் யாரோ ஒரு பாட்டி. அவங்க குடும்பம் இல்ல, வேற குடும்பப் பேர். மரத்துலயும் இல்ல.

கனெக்டிகட்_கண்ணன்:
அந்தப் பாட்டி பேர், வயசு, பிறந்த இடம்?

டிஎன்ஏ_தம்பி:
அப்பா வழின்னு சொன்னது நல்ல சேதி அக்கா. மாமியாருக்குக் கூடப்பிறந்த ஆம்பளை யாராவது இருக்காங்களா? ஒய் குரோமோசோம் அப்பன்கிட்டேருந்து மகனுக்கு அப்படியே இறங்கும். அவர்கிட்ட ஒய் டெஸ்ட் எடுத்து, மேஃப்ளவர் குடும்பத்து நேர் ஆண் வாரிசு ஒருத்தரோட ஒப்பிட்டா முடிஞ்சது.

பழைய_பேரேடு:
முடியாது. பொருந்தினால் இருவரும் ஒரே ஆண் வழி என்று மட்டும் தெரியும். அப்பாவா, சித்தப்பாவா, பெரியப்பா மகனா என்று அது சொல்லாது. குழாய் டெஸ்டின் கதையோ இன்னும் மோசம். நான்காம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பொருத்தம் தெரியாது. 1620க்குப் பன்னிரண்டு தலைமுறை. எச்சிலில் கப்பல் மிதக்காது.

டிஎன்ஏ_தம்பி:
சரி ஐயா, ஆனா பொருந்தலைன்னா? அப்ப அந்த மரம் தப்புன்னு உடனே தெரிஞ்சுடுமில்ல? அதுக்காவது ஒத்துக்கோங்க.

பழைய_பேரேடு:
எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்ற அளவில் சரி. எந்தத் தலைமுறையில், யார் பக்கம் என்று அதுவும் சொல்லாது.

யாழ்_அன்ரன்:
இடையில வாறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. பேர் ஒண்டாக இருந்தால் ஆள் ஒண்டெண்டு நினைக்கிற வியாதி எங்கட ஊரிலயும் இருக்கு. 1816இல அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிக்கூடங்கள் துவங்கினது. விடுதியில இருந்த பிள்ளையளுக்கு அமெரிக்காவில இருந்து காசு அனுப்பின ஆக்கள் சொல்லுற பேரைத்தான் வைச்சவை. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எல்லாம் அப்பிடி வந்த பேருகள்தான். எங்கட குடும்பத்திலயும் ஒரு நியூ இங்கிலாந்துப் பேர் இருக்கு. கனடாவில இருக்கிற மருமகன் "எங்களுக்கு அமெரிக்க மூதாதையர்" எண்டு சொல்லித் திரியிறான்.

டிஎன்ஏ_தம்பி:
அண்ணே, இருந்தாலும் இருக்கலாமே? வெள்ளைக்காரப் பாதிரிகள் தலைமுறை தலைமுறையா அங்க இருந்திருக்காங்க. ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தா என்ன குறைஞ்சு போச்சு?

யாழ்_அன்ரன்:
என்ன கதை கதைக்கிறீர் தம்பி? காசு குடுத்தவர் மசாசூசெட்சில தன்ர வீட்டில இருந்தவர். கப்பல் ஏறினது அவற்றை காசும் பேரும் மட்டும்தான். நீர் சொல்லுறது என்ர பூட்டியைப் பற்றி எண்டு விளங்குதோ?

சேப்பாக்கம்_சேகர்:
அமெரிக்கான்னு பேச்சு வந்ததால சொல்றேன். எலிஹு யேல் பிறந்தது 1649ல பாஸ்டன்ல. பின்னாடி சென்னைக் கோட்டைக்கு கவர்னர். 1680ல கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் சர்ச்ல அவருக்குக் கல்யாணம், அந்த சர்ச் பதிவேட்டுல முதல் கல்யாணமே அதுதான். குழந்தையிலேயே செத்த மகன் டேவிட்டோட சமாதி ஹைகோர்ட் வளாகத்துல. ஆக மெட்ராஸ்ல முதல் அமெரிக்கக் குடும்பம் அதுதான்.

ஃப்ரீமாண்ட்_விஜி:
மூணு வயசுலயே பாஸ்டனை விட்டுப் போனவரு திரும்ப அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. அவரை எப்படி அமெரிக்கர்னு சொல்றீங்க? அதுவும் 1649ல அமெரிக்கான்னு ஒரு நாடே கிடையாது.

சேப்பாக்கம்_சேகர்:
அப்ப மேஃப்ளவர்ல வந்தவங்களும் அமெரிக்கர் இல்லையா? இந்த இழைத் தலைப்பையே மாத்துங்க.

யாழ்_அன்ரன்:
தம்பி இன்னும் மறுமொழி சொல்லேல்ல.

டிஎன்ஏ_தம்பி:
தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. பொதுவாச் சொன்னேன்.

பழைய_பேரேடு:
யேலுக்கும் பூட்டிக்கும் தனி இழை தொடங்கவும். அன்ரன் அவர்கள் சொன்ன பெயர் விவகாரத்துக்கு ஒரு வரி மட்டும்: அந்த மிஷனை அனுப்பிய அமெரிக்கன் போர்டின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. எந்தப் பெயர் யார் கொடுத்தது என்று தேட வேண்டிய இடம் அது.

பூங்கோதை_ஒஹையோ:
பாட்டி பேர் ஹன்னா, 76, கனெக்டிகட். எனக்கு இந்த ஒய் டெஸ்ட் எல்லாம் ஆகாது. மாமியாருக்கு ஒரே ஒரு தம்பி, ஃப்ளோரிடாவுல இருக்கார், எச்சிலை அரசாங்கத்துக்குக் கொடுக்க மாட்டேங்கிறார். கண்ணன் சார், மர லிங்க்கைத் தனிச்செய்தியில அனுப்பியிருக்கேன்.

கனெக்டிகட்_கண்ணன்:
பார்த்தேன். பேர் எதுவும் வெளியில விடாம சொல்றேன்.

முதல்ல கெட்ட சேதி. அந்த மரத்துல சாமுவேலுக்கு 1829 மார்ச்ல கனெக்டிகட்ல ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். அதே 1829 ஏப்ரல்ல பாம்பியில இன்னொரு குழந்தை பிறந்திருக்கு. ரெண்டுக்கும் அம்மா வேற வேற. ரயில் இல்லாத காலத்துல இது ஒரே ஆள் இல்ல. ஒரே பேர்ல ரெண்டு சாமுவேல். கனெக்டிகட்லேயே தங்கிட்ட சாமுவேலோட அப்பா அம்மாவைத் தூக்கி உங்க பாம்பி சாமுவேல் தலையில வச்சிருக்காங்க. மேஃப்ளவர் போறது அந்த இன்னொருத்தர் வழியாத்தான்.

அந்தப் பிறப்புக்கு மரத்துல காட்டியிருக்கிறது பார்பர் தொகுப்பு. கனெக்டிகட் ஊர்ப் பதிவேடுகளை 1850 வாக்கில வரைக்கும் சீட்டு சீட்டா எழுதி அகரவரிசையில அடுக்கினது. நல்ல தொகுப்புதான். ஆனா "இந்த ஊர்ல இந்தப் பேர்ல ஒரு குழந்தை பிறந்தது"ன்னு மட்டும்தான் அது சொல்லும். அந்தக் குழந்தைதான் வளர்ந்து நியூயார்க் போச்சுன்னு சொல்லாது.

இப்ப நல்ல சேதி. நீங்க "குடும்பம் இல்ல"ன்னு ஒதுக்கின பாட்டிதான் சாவி. 76ன்னா 1774 வாக்குல பிறந்தவங்க. சாமுவேல் பிறக்கும்போது 23. முதல் புருஷன் செத்து மறுகல்யாணம் பண்ணியிருந்தா வேற குடும்பப் பேர் வரத்தான் செய்யும். ஆனா மனைவியோட அம்மாவாவும் இருக்கலாம், வாடகைக்கு இருந்தவங்களாவும் இருக்கலாம். 1850ல உறவுமுறை எழுதல, நாடு முழுசும் அது வந்தது 1880லதான். நியூயார்க்காரங்க மட்டும் முந்திக்கிட்டாங்க. 1855ல அந்த மாநிலம் தனியா ஒரு கணக்கெடுப்பு நடத்தினது. அதுல குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, இந்த ஊர்ல எத்தனை வருஷம், நியூயார்க்லயே பிறந்திருந்தா எந்த கவுண்டி, எல்லாமே உண்டு. ஃபேமிலிசர்ச் இணையதளத்துல காசில்லாம பார்க்கலாம். சாமுவேல் வீட்டைத் திறந்து ஹன்னாவுக்கு நேர என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

நாட்காட்டி_நடராஜன்:
1855 கணக்கெடுப்பு எந்த மாசம் எடுத்தாங்கன்னும் கவனிங்க. வயசு ஒரு வருஷம் முன்ன பின்ன வரும்.

பழைய_பேரேடு:
கண்ணன் சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று சேர்க்கிறேன். "தாய்" என்று எழுதியிருந்தாலும் அது மாற்றாந்தாயாக இருக்கலாம். கணக்கெடுக்க வந்தவர் அதையெல்லாம் துருவிக் கேட்கவில்லை. ஹன்னாவின் மறுமணத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் கனெக்டிகட் வாரிசுரிமை நீதிமன்ற ஏடுகளைப் பாருங்கள். சொத்து வைத்துவிட்டுத் தகப்பன் இறந்தால் வயது வராத பிள்ளைக்குக் காப்பாளர் நியமிப்பார்கள். 14 வயது தாண்டியிருந்தால் பிள்ளையே காப்பாளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். தகப்பன் பெயரும் மகன் பெயரும் ஒரே வரியில் வரும் இடம் அதுதான்.

ஃப்ரீமாண்ட்_விஜி:
பாம்பின்னு ஊர் பேரா? ரோமாபுரி மாதிரி இருக்கு.

கனெக்டிகட்_கண்ணன்:
அந்தப் பக்கமே அப்படித்தாங்க. அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களுக்குக் கொடுக்கன்னு நியூயார்க் ஒதுக்கின நிலம். சாதாரண வீரருக்கு 600 ஏக்கர். வரைபடத்துல ஹோமர், விர்ஜில், ஓவிட், சிசரோன்னு பேர் வச்சாங்க. வீரர்கள்ல நிறையப் பேர் அந்தப் பக்கம் போகாமலே சல்லிசா வித்துட்டாங்க. வாங்கிக் குடியேறினது பெரும்பாலும் கனெக்டிகட், மசாசூசெட்ஸ்காரங்க. அதனால சாமுவேல் அங்க நிலம் வாங்கின பத்திரத்தையும் பாருங்க அக்கா. வாங்கினவர் இன்ன ஊர்க்காரர்னு சில பத்திரத்துல இருக்கும். கனெக்டிகட்ல எந்த ஊர்னு அதுலதான் பிடிக்கணும்.

பூங்கோதை_ஒஹையோ:
1855 பார்த்துட்டேன்!! ஹன்னா, 81, தாய். கண்ணன் சார் கோடி நன்றி. நாத்தனார்கிட்ட மேஃப்ளவர் இல்லைன்னு சொன்னதும் ஃபோனை வச்சுட்டாங்க. மாமியார் மட்டும் ஹன்னா யாரு, அவளைப் பத்திச் சொல்லுன்னு பிடிச்சுக்கிட்டாங்க. பையனுக்கு நீச்சல் இருக்கு, அப்புறம் வரேன்.

கனெக்டிகட்_கண்ணன்:
அக்கா, மேஃப்ளவர் இல்லைன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. இந்த வழியில இல்ல, அவ்வளவுதான். ஹன்னாவோட பிறந்த வீடு யாருன்னே நமக்கு இன்னும் தெரியாது. ரெண்டாவது புருஷன் விடுதலைப் போர் வீரரான்னும் பாருங்க. 1832 சட்டத்துல ஆறு மாசம் சேவை பண்ணவங்களுக்கே ஓய்வூதியம் கிடைச்சுது, 1836லேருந்து விதவைகளுக்கும் படிப்படியா வந்தது. கல்யாணத்தை நிரூபிக்கச் சில பேர் குடும்ப பைபிள்ல பிறப்பு இறப்பு எழுதின பக்கத்தையே கிழிச்சு அனுப்பியிருக்காங்க. அதெல்லாம் தேசிய ஆவணக் காப்பகத்துக் கோப்புகள்ல இன்னைக்கும் இருக்கு. ஹன்னாவோட அந்த இன்னொரு குடும்பப் பேரை எனக்கு அனுப்புங்க, நானே தேடித் தரேன்.

டிஎன்ஏ_தம்பி:
மாமியாரோட தம்பியை மறுபடி ஒரு தடவை கேட்டுப் பாருங்க அக்கா.

கனெக்டிகட்_கண்ணன்:
அக்கா, அந்தப் பேர்?

டெக்சாஸ்_முருகேசன்:
இந்த இழை ரொம்ப உபயோகமா இருந்தது. எனக்கும் இதே பிரச்சினை. என் மனைவியோட முன்னோர் பென்சில்வேனியாவுல ஜான்னு ஒருத்தர். அவரோட அப்பா யாருன்னு தெரியணும். அவசரம்.

பழைய_பேரேடு:
தனி இழை. முகப்பில் உள்ள குறிப்பைப் படித்த பிறகு.