உருண்டைக் கைப்பிடியைக் கழற்றி நீட்டுக் கைப்பிடி போட்ட அனுபவம்

பெருமாள்புரம், பாளையங்கோட்டை

வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்காரர்கள் ஒருதடவை உங்கள் குளியலறைக் கதவின் கைப்பிடியை ஈரக்கையோடு, விரலை மடக்காமல் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் இருந்தது உருண்டைக் கைப்பிடி. நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், திருகினால் திறக்கும். வீடு கட்டிய காலத்தில் எல்லாரும் விரும்பிப் போட்டது அதைத்தான். அதைக் கழற்றிவிட்டு, கீழே அமுக்கினால் திறக்கிற நீட்டுக் கைப்பிடி போட்ட கதை இது.

அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்ததும் விரல் மடங்கவே மடங்காது. உருண்டையைத் திருக வேண்டுமானால் விரல் மடங்க வேண்டும், இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிடியை விடாமல் மணிக்கட்டையும் திருப்ப வேண்டும். மூட்டு வீங்கியவர்களுக்கு இதெல்லாம் ஒரே நேரத்தில் கூடி வராது. சேலை முந்தானையைக் கைப்பிடியில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் உள்ளேயிருந்து "எய்யா, திறக்க மாட்டேங்குய்யா" என்று குரல் வந்தது. கதவைத் திறந்துவிட்ட கையோடு அளவு எடுக்க உட்கார்ந்துவிட்டேன்.

அளவு எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பாதி வேலை அதில்தான் இருக்கிறது. உருண்டைக் கைப்பிடிக்காகக் கதவில் போட்டிருக்கும் ஓட்டை பெரியது, சுமார் 54 மில்லிமீட்டர் விட்டம். கதவின் ஓரத்திலிருந்து அந்த ஓட்டையின் நடுப்புள்ளி வரைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பெரும்பாலும் 60 அல்லது 70 மில்லிமீட்டர் வரும், எங்களுக்கு 60. அதற்கப்புறம் கதவின் கனம், அது எங்களுக்கு 35. கதவு வலப்பக்கம் கீல் உள்ளதா இடப்பக்கமா, உள்ளே தள்ளித் திறப்பதா வெளியே இழுப்பதா என்பதையும் ஒரு தாளில் படமாகவே வரைந்து எடுத்துக்கொண்டேன். சில நீட்டுக் கைப்பிடிகள் வலம், இடம் என்று தனித்தனியாக வரும். சிலவற்றை மாற்றித் திருப்பிப் பொருத்தலாம்.

டவுனில் ஒரு பழைய ஹார்டுவேர் கடை. கல்லாவில் இருந்த அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வியே, "அளவு கொண்டாந்திருக்கியளா?" தாளைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, நான் கண்ணாடி அலமாரியில் கைகாட்டிய நீளத் தகடு வைத்த கைப்பிடியை எடுக்கவே இல்லை. "அது உங்க கதவுக்கு ஆகாது. அந்தத் தகடு அகலம் அம்பது மில்லிகூட வராது, உங்க ஓட்டை அம்பத்திநாலு. ரெண்டு பக்கமும் ஓட்டை தெரியும். பொறவு மரத்தை வச்சு அடைக்கணும், உள்ள வேற பூட்டுக்குக் குடையணும், ஆசாரி கூலி வேற" என்றார். அதே ஓட்டையில் உட்காரும் வட்டத் தகடு வைத்த நீட்டுக் கைப்பிடியை எடுத்து வைத்தார். உள்ளே போகிற அமைப்பெல்லாம் உருண்டைக்கு உள்ளது மாதிரியே. பிடிக்கிற இடம் மட்டும் வேறு.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். அதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதத் தோன்றியது. "யாருக்கு இது?"

அம்மாவுக்கு என்றேன். எடுத்து வைத்ததை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "அப்ப நுனி கதவுப் பக்கமா வளைஞ்சது எடுத்துக்கிடுங்க. நேரா நீட்டிக்கிட்டு இருக்கது சேலை முந்தியில மாட்டும். ஈரத் தரையில வயசானவங்களைப் பிடிச்சு இழுத்துரும்." பிறகு பெட்டியிலேயே திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கக் கைப்பிடியின் நடுவில் ஒரு சின்னக் கீறல். உள்ளே தாழ் போட்டிருந்தாலும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறந்துவிடும். "குளியலறைன்னா இது கட்டாயம் இருக்கணும்" என்றார். எத்தனையோ பேருக்குப் பொருள் விற்கிற கடையில், யார் கை அதைப் பிடிக்கப்போகிறது என்று கேட்ட அந்த மனிதருக்கு என் நன்றி.

பொருத்துவது பெரிய வித்தை இல்லை. உள்பக்க உருண்டையின் கழுத்தில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். மெல்லிய கம்பியால் அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் உருண்டை கையோடு வந்துவிடும். (சில வகைகளில் இரண்டு திருகாணி வெளியிலேயே தெரியும். அதற்குக் கம்பி வேண்டாம்.) வட்டத் தகட்டை நெம்பி எடுத்தால் இரண்டு நீளத் திருகாணி. அவற்றைக் கழற்றினால் இரண்டு பாதியும் தனியாகிவிடும். கதவு ஓரத்தில் இரண்டு சின்னத் திருகாணியை எடுத்ததும் பூட்டு நாக்கும் வெளியே வரும். இந்த நேரத்தில் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி வையுங்கள். கைப்பிடி இல்லாத கதவு சாத்திக்கொண்டால் திறப்பது பெரும்பாடு.

புது நாக்கை வைக்கும்போது அதன் சரிவான முகம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கதவு சாத்தும்போது நிலையில் உள்ள தகட்டில் முதலில் மோதுகிற பக்கம் சரிவு இருக்க வேண்டும். கைப்பிடியின் இரண்டு நீளத் திருகாணிகளையும் கையாலேயே, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டிரில்லிங் மெஷினால் ஒரேயடியாக இறுக்கினால் உள்ளே பிடித்துக்கொண்டு கைப்பிடி தானாக மேலே திரும்பாது. எல்லாம் முடிந்ததும் கதவைத் திறந்து வைத்தபடியே உள்ளே தாழ் போட்டு, வெளியே நாணயத்தால் திறந்து பார்த்துவிட்டுத்தான் சாத்த வேண்டும்.

அம்மா இப்போது உள்ளங்கையின் ஓரத்தாலோ முழங்கையாலோ அமுக்கித் திறக்கிறாள். விரலுக்கு வேலையே இல்லை. மற்ற அறைக் கதவுகளையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கைப்பிடி மாற்றிய உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

சிந்துபூந்துறை

எங்களைக் கைப்பிடி மாற்ற வைத்தது ஆற்று வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் அறைக் கதவுகள் எல்லாம் ஒட்டுப்பலகைக் கதவுகள், ஏடு ஏடாகப் பிரிந்து நின்றன. முன்வாசல் தேக்குக் கதவு மட்டும் உப்பி, நிலையோடு இறுகிப்போயிருந்தது. கைப்பிடி அசையவில்லை. பூட்டுக்குள் வண்டல்.

எங்கள் தெருவில் பல பேர் அந்த வாரமே ஆளைக் கூப்பிட்டு இழைப்புளியால் கதவு ஓரத்தைச் சீவச் சொன்னார்கள். எங்களுக்கு வந்த ஆசாரி வயதானவர், சீவ மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "மரம் தண்ணி குடிச்சிருக்குங்க. இப்பம் சீவுனா பங்குனியில காஞ்சு சுருங்கும்போது எலி போற இடுக்கு விழுந்துரும். பைய காயட்டும். பூட்டை மட்டும் கழட்டித் தாரேன்." மரம் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் அநேகமாக மாறாது என்பதையும் அவர்தான் சொன்னார். அதனால்தான் கதவு மேலே கீழே இடிக்காமல், பூட்டுப் பக்கம் மட்டும் இடிக்கிறது.

பூட்டை முழுக்கக் கழற்றி, நல்ல தண்ணீரில் வண்டல் போகிற வரைக்கும் அலசி, நிழலில் காயவைத்தார். நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றேன், வேண்டாம் என்று சொல்லி பென்சில் முனையைச் சுரண்டித் தூளாக்கி சாவித் துவாரத்தில் ஊதினார். எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், பென்சில் கரி காய்ந்தபடியே வழவழப்பாக இருக்கும். வெயில் காலம் வந்தபோது கதவு தன் பழைய அளவுக்கே வந்துவிட்டது. அதே பூட்டு, புதுக் கைப்பிடி மட்டும். அந்தக் கதவு எங்கள் தாத்தா காலத்தது. அதைச் சீவாமல் காப்பாற்றியவரை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

உவரி

கடற்கரைக்காரங்க பாடு தனி. எங்க ஊர்ல என்ன கைப்பிடி போட்டாலும் உப்புக்காத்து தின்னுரும். பளபளன்னு முலாம் பூசுனது முதல்ல கொப்புளிக்கும், பொறவு உரியும். எவர்சில்வர்னு சொல்லி வாங்குனதுலயும் செம்புள்ளி விழும். கடையில காந்தத்தை வச்சுக் காட்டுவாவ, ஒட்டலைன்னா நல்ல சரக்குன்னு. அதை நம்பாதீங்க. 304-ங்க ரகமும் காந்தத்துல ஒட்டாது, அதைவிட மலிவான 202-ம் ஒட்டாது. 304-ல நிக்கல் கூட, துரு தாங்கும். எண்ணு பொறிச்சிருக்கான்னு பாருங்க, பில்லுல எழுதி வாங்குங்க. கடலுக்கு ரொம்பப் பக்கத்துல வீடுன்னா 316 இன்னும் நல்லது, விலைதான் கூட.

இன்னொண்ணு, எல்லாரும் விடுறது திருகாணி. நல்ல பித்தளைக் கைப்பிடியை வாங்கிட்டு இரும்புத் திருகாணி போட்டா, ரெண்டும் சேந்து உப்பு ஈரம் பட்டதும் இரும்பு வெகுசீக்கிரம் அரிச்சுப்போகும். கைப்பிடி புதுசா இருக்கும், பிடிமானம் இருக்காது. பித்தளைக்குப் பித்தளை, எவர்சில்வருக்கு எவர்சில்வர். எங்க சித்தப்பா தினமும் சாயங்காலம் ஈரத்துணியால வாசல் கைப்பிடியைத் துடைச்சுட்டு, காஞ்ச துணியாலயும் ஒருதரம் துடைப்பாவ. அவிய வீட்டுக் கைப்பிடிதான் எங்க தெருவிலேயே பழசு, இன்னும் நல்லா இருக்கு.

செங்கோட்டை

சாரல் மாதங்களில், ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும், எங்கள் பக்கம் பாதி வீட்டில் கதவு சாத்தாது. உடனே கைப்பிடி கெட்டுவிட்டது என்று புதுசு வாங்கப் போகிறார்கள். முதலில் மேல் கீலின் திருகாணி தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தால், பூட்டு நாக்கின் நுனியில் கொஞ்சம் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவி, கதவைச் சாத்தித் திறங்கள். நிலைத் தகட்டில் எங்கே இடிக்கிறது என்று சிவப்பாகத் தெரியும். அந்த இடத்தை அரத்தால் ராவினால் போதும். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்த ஆசாரி கூலிகூட வாங்கவில்லை, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

டவுன், வளவு வீடு

நான் எழுதுவது மாற்றாததைப் பற்றி. எங்கள் வளவின் நடைக்கதவில் பித்தளை வளையமும் அதைத் தாங்கும் குமிழும் இருக்கின்றன. கொல்லன் அடித்த இரும்புக் கொண்டியும் உண்டு. பழைய சாமான் எடுக்கிறவர்கள் அடிக்கடி விலை கேட்டு வருவார்கள். வீட்டைப் புதுப்பித்தபோது இவற்றையெல்லாம் எடுத்துவிட்டுப் புதுப் பூட்டு வைக்கலாம் என்று மதினி சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. ஆசாரியிடம் கேட்டதற்கு, "ஆச்சி தொட்ட வளையம், இருக்கட்டும்மா. பூட்டைக் கதவுக்குள்ள குடைய வேண்டாம், உள்பக்கமா மேலேயே வைக்கிற பூட்டு போட்டுருவோம்" என்றார். வெளியே சாவித் துவாரம் மட்டும்தான் தெரிகிறது. வளையத்தைப் பண்டிகைக்குப் பண்டிகை புளி போட்டுத் தேய்க்கிறோம். தேய்த்ததும் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், புளிப்பு தங்கினால் பித்தளை பச்சை பூத்துவிடும்.

வள்ளியூர்

பாளை அண்ணனுக்கு ஒரு கேள்வி. எங்கள் குளியலறைக் கதவு பிவிசி. கைப்பிடித் திருகாணி நிற்கவே மாட்டேன் என்கிறது, இறுக்க இறுக்கச் சுற்றுகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை சரியில்லை. உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து இதே நினைப்புதான்.

பெருமாள்புரம், பாளையங்கோட்டை

தம்பி, பிவிசி கதவு உள்ளே வெறும் கூடு. மரத் திருகாணிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஊடுருவிப் போகிற போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து, நட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கைப்பிடி வருகிற இடத்தில் கூட்டுக்குள் ஒரு மரத்துண்டைச் செருகச் சொன்னால் இறுக்கும்போது கதவு நசுங்காது. அப்பாவுக்கு இடது கையால் வசமாக அமுக்க வருகிறதா என்று, பொருத்துவதற்கு முன்னால் அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். கைப்பிடியைத் தாண்டி, உள்ளே பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும் வேண்டியிருக்கும். அது பிவிசி கதவில் இல்லை, சுவரில்தான் நிற்க வேண்டும்.

தாழ் உள்ள கைப்பிடி வாங்கினால் நாணயக் கீறல் உள்ளதையே கேளுங்கள். அதை எப்படித் திறப்பது என்று வீட்டில் உள்ள எல்லாருக்கும் செய்து காட்டுங்கள், வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் சேர்த்து. ஒரு நாணயத்தை நிலைக்கு மேலேயே வைத்துவிடுங்கள்.