பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம் ஓதம்: டைல்ஸை உடைக்காமல் கசிவைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி:
சென்னையில் முதல் மாடி ஃபிளாட். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஒரு அடி உயரம் வரை பெயின்ட் உப்பி, வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஊசி வைத்த மாய்ஸ்சர் மீட்டரைக் குத்தினால் எங்கும் சிவப்புதான் (ஈரம் என்று அர்த்தம்). பிளம்பர் மொத்த டைல்ஸையும் உடைக்கணும் என்கிறார்.

பதில் 1:
மீட்டரை அப்படியே நம்பாதீங்க. அது அளப்பது மின்தடையை. உப்பு ஏறின பூச்சு ஓரளவு காய்ந்திருந்தாலும் சிவப்பு காட்டும். அதில் போட்டிருக்கும் சதவீதமும் பெரும்பாலும் மரத்துக்கானது. வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அரை அடிக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணைச் சுவரிலேயே பென்சிலால் எழுதுங்க. எண் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதுதான் துப்பு.

பதில் 2:
முதலில் தண்ணீர் லைன். கேட் வால்வு, ஆங்கிள் வால்வு எல்லாம் மூடி, கீசரைக் கழற்றி அதன் இரண்டு குழாயையும் ஹோஸால் இணைத்து, கேஜ் (அழுத்தம் காட்டும் முள் மீட்டர்) உள்ள கைப்பம்பில் 5 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்க. பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பானால் 3 கிலோ போதும், மேலே போனால் நல்ல ஜாயின்ட்டும் விட்டுவிடும். முள் இறங்கினாலும் அவசரப்படாதீங்க. கேட் வால்வு சரியாக மூடாவிட்டாலும் இறங்கும்.

முள் அசையலைன்னா தரை. நஹானி ட்ராப்பை (தரைத் தண்ணீர் வெளியேறும் துளை) அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வைங்க. பக்கத்திலேயே ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் ஆவியாகும் அளவு தெரிந்துவிடும். தரையும் தட்டும் ஒரே அளவு குறைந்தால் தரையில் குறையில்லை. அப்போது அடைப்பை எடுத்து வாளி வாளியாக ஊற்றி, கழிவு பைப் கசிகிறதா பாருங்க.

பதில் 3:
கசிவு தெரிய, தேக்கும் தண்ணீரில் கலர் பொடி கலக்கச் சொல்வாங்க. பூச்சு கலரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கலர் வராததால் கசிவே இல்லை என்று ஆகாது. தெர்மல் கேமராவும் வெப்பத்தைத்தான் காட்டும், ஈரத்தை அல்ல. ஏசியை நிறுத்தி, வெந்நீர் லைனை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் அந்த லைனில் உள்ள கசிவுக்கு மட்டும் உதவும்.

கேள்வி கேட்டவர்:
முள் அப்படியே நின்றது. தரைத் தண்ணீர் தட்டைவிட 6 மி.மீ. கூடுதலாகக் குறைந்திருக்கிறது.

பதில் 2:
அடைப்பு வழியாக இறங்கியிருக்கலாம். மறுபடி தேக்கி, ஷாஃப்ட்டில் (பைப்புகள் இறங்கும் திறந்த இடைவெளி) அந்த ட்ராப்பின் கழிவு பைப் வாய் காய்ந்திருக்கிறதா பாருங்க. காய்ந்திருந்தால் தரைதான். ட்ராப்பைச் சுற்றியும் சுவர் மூலையிலும் கிரவுட்டை (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை) சுரண்டி எபாக்ஸி கிரவுட் போட்டு, திரும்ப 24 மணி நேரம் தேக்குங்க. அதற்குப் பிறகும் குறைந்தால்தான் டைல்ஸில் கை வைக்கணும். படுக்கையறைப் பக்கம் உப்பு ஏறின பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, எண்கள் இறங்கி நிற்கும்வரை பெயின்ட் வேண்டாம். 9 அங்குலச் செங்கல் சுவர் காய மாதக்கணக்காகும்.