73 என்றால் ஏன் நல்வாழ்த்து? ஹாம் வானொலிச் சொற்கள் பற்றி ஒரு கேள்வி

அடிவாரம்:
போன மாதம்தான் ஹாம் வானொலிக்கான, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கான, ரெஸ்ட்ரிக்டட் கிரேடு (தொடக்க நிலை) லைசென்ஸ் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறி, லேடீஸ் சீட் பக்கம் நின்று வானொலிக் கைக்கருவியில் 'சி.க்யூ.' கொடுத்தேன், அதாவது கேட்கிற யாரும் பேசலாம் என்று கூப்பிட்டேன். கீழே சேலத்திலிருந்து ஒருவர் பேசினார். முடிக்கும்போது "73 ஓ.எம்." என்றார். 73 என்றால் நல்வாழ்த்து, ஓ.எம். என்றால் 'ஓல்டு மேன்' என்பதெல்லாம் தெரியும். ஆனால் 72 இல்லாமல், 74 இல்லாமல், ஏன் 73? எனக்கு வயது 24, நான் எப்படி ஓல்டு மேன்? 'ஹாம்' என்ற பெயரே எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு:
வானொலி முன்னோடிகள் ஹெர்ட்ஸ், ஆம்ஸ்ட்ராங், மார்க்கோனி. மூவரின் பெயரிலும் முதல் எழுத்தைச் சேர்த்தால் ஹாம். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

பழைய தந்திக்காரன்:
ஐந்து ரோடு நண்பர் சொன்ன கதையை நானும் பல முறை கேட்டிருக்கிறேன். அது பின்னால் யாரோ பொருத்தி வைத்தது. ஆம்ஸ்ட்ராங் பிறந்ததே 1890-இல். அவர் பெயர் வெளியே தெரிவதற்கு முன்பே அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில் 'ஹாம்' என்பது ஒரு வசவு. சரியாகத் தட்டத் தெரியாத ஆளை அப்படிச் சொல்வார்கள். கம்பியில்லாத் தந்தி வந்தபோது, சம்பளத்துக்குத் தட்டியவர்கள் ஆசைக்குத் தட்டியவர்களை அதே சொல்லால் திட்டினார்கள். திட்டு வாங்கியவர்கள் அதையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

தம்பி, நீ கேட்ட சொற்களில் பலவும் வானொலிக்கு முந்தியவை, கம்பியில் பிறந்தவை. 1857-இலேயே அமெரிக்கத் தந்திக்காரர்களிடம் 73 இருந்தது. அப்போது அதற்கு 'என் அன்பு உனக்கு' என்று பொருள். 1859-இல் வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி 1 முதல் 92 வரை எண்களுக்குப் பொருள் வகுத்தது. அதில் 73 மரியாதைச் சொல்லாக மாறி, பிறகு நல்வாழ்த்து என்று நிலைத்தது. 30 என்றால் முடிந்தது.

இந்த எண்கள் ஏன் தேவைப்பட்டன என்பது தட்டிய கைக்குத்தான் தெரியும். நான் 1974-இல் இந்த மாவட்டத்தில் ஒரு தந்தி அலுவலகத்தில் சேர்ந்தேன். முகூர்த்த நாளென்றால் வாழ்த்துத் தந்தி குவியும். நம் ஊரிலும் அதற்கு எண்தான். கல்யாணத்துக்கு ஒரு எண், தீபாவளிக்கு ஒரு எண். நாங்கள் எண்ணை மட்டும் தட்டுவோம். அந்தப் பக்கம் வாங்குகிறவர் பட்டியலைப் பார்த்து வாக்கியத்தை முழுதாக எழுதுவார். ஒரு வைகாசியில் எண்ணைத் தவறாகக் கேட்டு எழுதிவிட்டேன். ஓமலூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குத் தேர்வில் தேறியதற்கான வாழ்த்து போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் சைக்கிளில் நானே சரியான தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, இலை போட்டு உட்கார வைத்தார். அன்றிலிருந்து எண் என்றால் இரண்டு முறை கேட்காமல் எழுதியதில்லை.

அந்த 92 எண்களில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. 73 தங்கியதற்கு அதன் ஓசையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மேஜையில் விரலால் மோர்ஸ் தந்திக் குறியில் தட்டிப் பார் (டா நீண்ட ஒலி, டி, டிட் குறுகிய ஒலி): டா டா டி டி டிட், டி டி டி டா டா. முன்னால் போனது அப்படியே திரும்பி வருகிறது, கும்மியில் போய் வருகிற மாதிரி.

அப்புறம் ஒன்று, 73 என்பதே 'வாழ்த்துகள்' என்று பன்மை. '73ஸ்' என்று சொல்லாதே, 'வாழ்த்துகள்கள்' என்பது போல ஆகிவிடும்.

நீ கொடுத்த சி.க்யூ.வும் கம்பிதான். பிரிட்டிஷ் தந்தியில் எல்லா நிலையங்களையும் ஒரே நேரத்தில் கூப்பிட அதைத் தட்டினார்கள். மார்க்கோனி கம்பெனி கப்பலுக்குக் கொண்டுபோனது. 1904-இல் அதோடு 'டி' (D) சேர்த்து ஆபத்துக் குறியாக்கியது. 'சீக் யூ' (உன்னைத் தேடுகிறேன்) என்ற விளக்கம் காதுக்கு இனிமையாக இருப்பதால் ஒட்டிக்கொண்டது. க்யூ.டி.ஹெச். (இருக்கும் இடம்), க்யூ.ஆர்.எம். (குறுக்கீடு) போன்றவை வேறு வகை. 1912-இல் லண்டனில் பல நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட பட்டியலில் வளர்ந்தவை, மொழி தெரியாத இருவர் பேசிக்கொள்வதற்காக.

காபித் தோட்டம்:
ஐயா சொன்னதோடு பெண்கள் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் ஏற்காட்டில் இருக்கிறேன், 11 வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். வயது 52, ஆனாலும் அலையில் நான் ஒய்.எல்., அதாவது 'யங் லேடி'. தம்பி 24 வயதில் ஓ.எம். ஆனது போலத்தான். எக்ஸ்.ஒய்.எல். என்றால் மனைவி, 'முன்னாள் இளம்பெண்' என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. லைசென்ஸ் வைத்திருக்கிற பெண்ணை யாரோ ஒருவரின் மனைவியாக மட்டும் காட்டுகிறது. 88 என்றால் அன்பும் முத்தமும். தெரியாத பெண்ணிடம் அதைச் சொல்லி முடிக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பெண்களுக்குள் சொல்லிக்கொள்ள 33 இருக்கிறது. 1939-இல் அமெரிக்கப் பெண் ஹாம்கள் தங்களுக்கென்று உண்டாக்கியது, நட்போடு கூடிய அன்பு என்று பொருள். இங்கே அதைச் சொல்ல எனக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். தங்கை, மகள் யாருக்காவது ஆர்வம் இருந்தால் தேர்வு எழுத வையுங்கள், படிக்க நான் உதவுகிறேன்.

அடிவாரம்:
அக்கா, என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள், கேட்டுச் சொல்கிறேன். ஐயா, 73-ஐ டம்ளரில் ஸ்பூனால் தட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே திரும்பி வருகிறது. இப்போது மோர்ஸ் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பழைய தந்திக்காரன்:
புள்ளி, கோடு என்று தாளில் எழுதிப் படிக்காதே, பிறகு வேகம் வராது. காதால் படி. முதலில் ஈ (E), டி (T), ஏ (A), என் (N), நான்கு எழுத்து மட்டும் ஒரு வாரம். என்னிடம் மோர்ஸ் தட்டுகிற பித்தளைக் கீ இரண்டு இருக்கிறது. ஒன்றை எண்ணெய் போட்டு வைக்கிறேன், அஸ்தம்பட்டி பக்கம் வரும்போது வாங்கிக்கொள்.