கிட்டைக் கழற்றினேன், சேம்பரை மறந்தேன்

மூன்று மாதமாக, .223 தோட்டா சுடும் என் ஏஆர்-15 ரைஃபிளில் அதைவிடச் சிறிய .22 எல்ஆர் தோட்டாவைச் சுட வைக்கும் கன்வெர்ஷன் கிட் போட்டுப் பழகி வருகிறேன். தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் பழைய போல்ட்டையும் அதைத் தாங்கும் கேரியரையும் உருவிவிட்டு கிட்டைச் செருகி, அதற்கான மேகசினை மாட்டினால் ஆயிற்று. ட்ரிகர் அதே, பிடி அதே, தோட்டாச் செலவு மட்டும் வெகுவாகக் குறைவு. இந்த சௌகரியத்தில்தான் அசந்துவிட்டேன்.

போன வாரம் கிட்டில் ஏறக்குறைய 300 தோட்டா சுட்டேன். கிளம்புமுன் நாலைந்து .223 சுட்டு சைட்டைச் சரிபார்க்கலாமே என்று கிட்டை எடுத்துவிட்டு ஒரிஜினல் போல்ட்டைப் போட்டேன். முதல் தோட்டா ஏறும்போதே போல்ட் முழுதாக அடையவில்லை. போல்ட்டை முன்னே தள்ளும் பொத்தானான ஃபார்வர்ட் அசிஸ்ட்டைத் தட்டி உட்கார வைத்துச் சுட்டேன். தட்டியிருக்கக் கூடாது. சுட்ட கூடு வெளியே வரவில்லை. கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பில் பிறை மாதிரி ஒரு கடி கடித்துவிட்டு நழுவியிருந்தது. மேகசினை எடுத்துவிட்டு, குழலின் முன்பக்கமாக ராடை விட்டுத் தட்டித்தான் கூட்டை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் பிரஷை விட்டுச் சுற்றினேன். தார் போலக் கறுப்பாக ஒரு பசை. விரலால் தேய்த்தால் மெழுகு மாதிரி வழுக்கியது, நடுவே மணல் போல ஈயத் துணுக்கு. கிட்டின் முன்பக்கம் .223 கூட்டின் வடிவில் ஒரு அடாப்டர் இருக்கிறதல்லவா, அதற்கும் சேம்பர் சுவருக்கும் இடையில் இவ்வளவும் சேர்ந்திருக்கிறது. கிட் உள்ளே இருக்கும்வரை கண்ணில் படாது.

காரணம் புரிந்ததும் கோபம் போய்விட்டது. .22 கூட்டின் நீளம் 15.6 மி.மீ., .223 கூடு 44.7 மி.மீ. மிச்ச தூரத்தைக் குண்டு, அதைச் சுழல வைக்கும் வரிப்பள்ளம் இல்லாத அடாப்டருக்குள்ளேயே கடந்து, அதன் பிறகுதான் குழலைப் பிடிக்கிறது. ஈயம் அங்கே உரசுகிறது. போதாக்குறைக்குக் கிட் புளோபேக் முறையில் இயங்குவது. போல்ட் பூட்டிக்கொள்வதில்லை, அழுத்தம் முழுதாக அடங்குமுன்பே பின்னால் வருகிறது, கரியும் கூடவே வருகிறது.

இப்போது கிட்டைக் கழற்றினால் சேம்பரைத் துடைக்காமல் .223 தோட்டாவைத் தொடுவதில்லை.

* * *

அண்ணே, நான் சேம்பரைப் பற்றிக் கவலையே படவில்லை, சுடும்போது வரும் வாயுவைப் பின்னால் கொண்டுபோய் போல்ட்டை இயக்கும் வாயுக்குழாய் அடைத்துவிடும் என்றுதான் பயந்தேன். பைப் கிளீனரை விட்டுக் குடைந்ததில் அதன் பஞ்சு பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. சும்மா கிடந்த குழாயை நானே அடைத்த கதை! பஞ்சை எடுத்த பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. முதலில் குழலில் ஈயம் படிந்திருக்கிறதா என்று பார்த்துத் தேய்த்து எடுத்துவிடுவேன், அப்புறம் ஒரு மேகசின் சென்டர்ஃபயர், அதாவது .223, சுடுவேன். .22 எல்ஆருக்கு அழுத்த வரம்பு 24,000 பிஎஸ்ஐ, .223க்கு 55,000. குழாயில் இருக்கும் கரியை அதுவே ஊதித் தள்ளிவிடுகிறது.

* * *

ஈயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சைலென்சரில் படிந்த ஈயத்தைக் கரைக்க வினிகரும் பெராக்சைடும் கலந்து ஊற்றச் சொல்லி என்னிடம் ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளை, ஊற்றுமுன் படித்துப் பார்த்தேன். ஈயம் கரையும்தான், ஆனால் கரைந்து வருவது ஈய அசிடேட். தோல் வழியாகவும் உடம்பில் ஏறக்கூடிய விஷம். பிரித்துத் துடைக்க முடியாத சென்டர்ஃபயர் சைலென்சரில் .22 சுடுவதையே விட்டுவிட்டேன். குண்டும் வெற்று ஈயமாக வாங்குவதில்லை, செம்பு முலாம் பூசியதுதான். 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கும் குழலில் மெத்தென்ற ஈயம் பாவம் என்ன செய்யும்? .22 ரைஃபிள்களில் 16 அங்குலத்துக்குத்தான் ஒரு சுற்று.

* * *

கிட்டுக்கு எண்ணெய் எவ்வளவு போடுகிறீர்கள்? எனக்கு 150 தோட்டா தாண்டினாலே திக்குகிறது.

* * *

தாராளமாகப் போடுங்கள். வழக்கமான போல்ட்டுக்கு விடுவதைவிட ரெண்டு பங்கு. காய்ந்த கரிதான் போல்ட்டைப் பிடிக்கிறது, ஈரமாக இருக்கும்வரை ஓடும். முகத்தில் கொஞ்சம் தெறிக்கும், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். கையைக் கழுவாமல் டீயும் குடிக்காதீர்கள்.