கல்லோயாவில் மூன்று நாள்: நீந்தும் யானை, பறவைத் தீவு, நில்கல மேடு

கிழக்கின் ஊர்க்காரர் ஆளுக்கொரு பகுதியாக எழுதிய பயணக் குறிப்பு இது.

காரைதீவிலிருந்து:

மட்டக்களப்புப் பக்கமிருந்து கல்லோயா தேசிய பூங்காவுக்கு வெளிக்கிடுபவர்கள் முதலில் கேட்பது, "யானை நீந்துறதைக் கட்டாயம் பார்க்கலாமா?" என்றுதான். கட்டாயம் என்று ஒருவரும் சொல்ல ஏலாது. ஒரே ஒரு படகுச் சவாரிக்குப் போய்த் திரும்புபவர்கள் ஏமாறுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மூன்று நாள் வைத்து, ஒரு மாலையும் மறுநாள் காலையும் நீரில் கழிப்பதுதான் சரியான கணக்கு. கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை வழியே இங்கினியாகலைக்கு மட்டக்களப்பிலிருந்து இரண்டரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு முன் போய்ச் சேர்ந்தால் அன்று மாலைச் சவாரிக்கே ஆயத்தமாகலாம். நுழைவுச் சீட்டும் படகும் வனசீவராசிகள் திணைக்களத்தின் இங்கினியாகலை அலுவலகத்தில் கிடைக்கும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். பள்ளி விடுமுறை நாளென்றால் முதல் நாளே அழைத்து நேரம் கேட்டு வையுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து:

மாதத்தைப் பற்றி ஒரு சொல். எங்கள் வயலுக்கு வரும் தண்ணீரே படகு ஓடும் இந்தச் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்துத் தண்ணீர்தான், அதனால் இதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் நீருக்குள் போனது. மேடுகளின் தலை மட்டும் வெளியே நின்றது. இன்று நீங்கள் தீவு என்று படம் எடுப்பவை அந்தக் குன்றுகளின் உச்சிகள். 1954இல் இந்தச் சுற்றாடல் தேசிய பூங்காவானது.

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று மழையில் நீர் ஏறும். சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறந்த பிறகு மெல்ல மெல்ல இறங்கும். இறங்கிய இடத்துச் சேற்றில் இளம்புல் முளைக்கும். காடு காய்ந்து கிடக்கும்போது பச்சை இருப்பது அந்த விளிம்பில் மட்டும்தான், யானை வருவதும் அதற்குத்தான். ஒரு தீவில் புல் தீர்ந்தால் அடுத்ததற்கு நீந்தும். எனவே பங்குனி முதல் ஆடி வரை நல்ல காலம். மார்கழியில் நிறைகுளம் பார்க்க அழகுதான், ஆனால் யானை காட்டுக்குள்ளேயே நிற்கும்.

இங்கினியாகலைத் துறைப் பக்கமிருந்து:

படகில் நடப்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பிழை அதிகம் நடப்பது அங்கேதான்.

காலைச் சவாரிக்கு ஆறு மணிக்கே துறையில் நில்லுங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் கச்சான் காற்று வெயில் ஏற ஏறப் பலக்கும். பத்து மணிக்குப் பிறகு திறந்த நீரில் அலை படகின் மூக்கில் அடிக்கும், எல்லோரும் நனைவார்கள், தொலைவில் நீந்தும் தும்பிக்கையும் அலைக்குள் மறைந்துவிடும். ஒரு படகில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். மிதவைச் சட்டையின் வாரைக் குழந்தைகளுக்கு நீங்களே இழுத்துப் பாருங்கள். தோளைப் பிடித்துத் தூக்கும்போது சட்டை காது வரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றிக் கேளுங்கள்.

நீர் குறைந்த மாதங்களில் பட்டமரங்களின் கட்டைகள் மேல்மட்டத்துக்கு அரை அடிக் கீழே ஒளிந்திருக்கும். படகின் விசிறி அதில் மோதினால், சிறிய மோட்டாரில் விசிறியை அச்சோடு பிணைக்கும் ஷியர் பின் என்ற சிறு ஆணி அறுந்துவிடும். இயந்திரம் இரையும், படகு நகராது. புறப்படும் முன் "மேலதிக பின் இருக்குதா, துடுப்பு இருக்குதா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற படகோட்டியை நான் நம்பமாட்டேன்.

இனி யானை. நீந்தும்போது நெற்றி மேடும் தும்பிக்கை நுனியும் மட்டும்தான் தெரியும். மிதக்கும் மரக்கட்டை என்று பலர் கடந்து போய்விடுவார்கள். கட்டை மூச்சு விடாது. தும்பிக்கையிலிருந்து 'புஸ்' என்று காற்று வரும் சத்தத்தைக் கவனியுங்கள். கண்டவுடன் இயந்திரத்தைக் குறைத்து, அது போகும் திசைக்குப் பின்பக்கமாக நில்லுங்கள். முன்னால் குறுக்கே போகவே கூடாது. கரைக்கும் யானைக்கும் நடுவே படகு வந்தால், பாதித் தூரம் நீந்தியது அப்படியே திரும்பும். குட்டி தாயின் விலாவோடு ஒட்டி வருகிற வேளையில் அப்படித் திருப்புவது பெரும் பாவம். குட்டிக்கு அந்தத் தூரத்தை இரண்டு தடவை நீந்தும் வலு இருக்காது. இரண்டு படகுகள் சேர்ந்தால் இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். படம் நன்றாக வரும் என்று எதிர்ப்பக்கம் போகச் சொல்லும் பயணிக்கு மறுப்புச் சொல்லுங்கள்.

கரையேறிய யானை காதை விரித்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டி, வாலைத் தூக்கினால் பின்வாங்கும் நேரம் வந்துவிட்டது. இயந்திரத்தை முறுக்காமல் துடுப்பால் முதலில் விலகுங்கள்.

பறவைத் தீவில் இறங்க வேண்டாம். நீர்க்காகமும் கூழைக்கடாவும் கூடு வைத்திருக்கும்போது ஆள் வந்தால் தாய்ப்பறவை எழும்பும், முட்டை வெயிலில் கிடக்கும். கரையில் முதலையும் உண்டு. நீரில் கையை அலசுவதை விடுங்கள்.

வாகரையிலிருந்து:

இரண்டாம் நாள் நண்பகலுக்குப் பிறகு இரத்துகல, பூங்காவை ஒட்டிய ஆதிக்குடி வேடர் கிராமம். எங்கள் கரையோர வேடர் தமிழ் பேசுவார்கள். அதை நினைத்துக்கொண்டு அங்கு போய்த் தமிழில் கதைத்தால் சரிவராது. அங்கே சிங்களம் கலந்த பேச்சு, சிங்களம் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். காட்டுக்குள் கூட்டிச் செல்லும் கூலியை நடக்கும் முன்பே பேசி, அந்த ஆளின் கையிலேயே கொடுங்கள். வெற்றிலை பாக்கு கொண்டுபோவது மரியாதை, சாராயம் கொண்டுபோவது அவமரியாதை. கோடரியைத் தோளில் வைத்து நிற்கச் சொல்லிப் படம் கேட்காதீர்கள். எந்தப் பட்டையை எதற்கு அரைக்கிறார்கள், தேன் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். நடை இரண்டு மணித்தியாலமாக நீளும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

மூன்றாம் நாள் நில்கல. மரம் விலகி விலகி நிற்கும் புல்வெளிக் காடு அது, கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் ஒரே சரிவில் கிடைக்கும். பொறுக்கி எடுக்காதீர்கள், பூங்காவுக்குள் அது குற்றம். மானாப்புல் தோளுயரம் வளரும், அலகு கையைக் கீறும். முழுக்கைச் சட்டை போட்டு, காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். இங்கு அட்டை இல்லை, தொல்லை உண்ணிதான். கடித்ததை நகத்தால் பிய்த்தால் வாய்ப்பகுதி தோலுக்குள் தங்கிப் புண்ணாகும். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக மெல்ல இழுங்கள்.

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ஆடி ஆவணியில் மூன்று. தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் காற்று அதை மலை முழுக்கக் கொண்டு போகும்.

காரைதீவிலிருந்து மறுபடியும்:

திரும்பும் நேரத்தை எழுத விட்டுவிட்டேன். நில்கலவிலிருந்து பின்னேரம் மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். பொழுது சாயும் வேளையில் இங்கினியாகலைப் பாதையை யானை கடக்கும். எதிரே ஒன்று நின்றால் ஹோர்ன் அடிக்காமல், பெரிய விளக்கை அணைத்து, பின்னால் வரும் வாகனத்துக்கு இடம் விட்டு, பின்னோக்கி எடுங்கள். அது போன பிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள், கூட்டத்தில் பின்னால் இன்னொன்று வரலாம்.